மீத்திறன் சிறார்: அந்தமான் தொடக்கப் பள்ளிகளுக்குப் பாட அளவிலான உயர்வே பொருத்தமான வழி

ஸ்ரீ விஜயபுரம்: தொடக்கப் பள்ளியில் பின்தங்கும் மாணவரை எப்போது அதே வகுப்பில் நிறுத்தலாம் என்பதைச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. வகுப்பைத் தாண்டிச் செல்லும் திறனுள்ள மாணவரை எப்படி நடத்துவது என்பதற்கு அத்தகைய நடைமுறை எதுவும் கல்வி உரிமைச் சட்டத்தில் இல்லை.

சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசமான அந்தமான் நிகோபார் தீவுகளில் இச்சட்டத்தின் கீழ் விதிகளை வகுப்பது மத்திய அரசு. 2024 டிசம்பரில் திருத்தப்பட்ட விதிகளின்படி, 5, 8ஆம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவர்களுக்கு இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு நடத்தப்படும். அதிலும் தவறினால் அதே வகுப்பில் தொடர வேண்டும். 1ஆம் வகுப்பில் சேர 6 வயது நிறைவடைய வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் மத்திய கல்வி அமைச்சகம் மாநிலங்களையும் யூனியன் பிரதேசங்களையும் கேட்டுக்கொண்டது. இதனால் முன்கூட்டியே சேர்க்கும் வழியும் குறுகியுள்ளது.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, சிறப்புத் திறன் கொண்ட குழந்தைகளை ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. அதற்கான வழிகாட்டு நெறிகளை என்சிஇஆர்டி, என்சிடிஇ ஆகிய அமைப்புகள் உருவாக்கும் என்றும் அது கூறுகிறது. ஆனால், ஒரு கிராமப் பள்ளித் தலைமையாசிரியர் நாளை காலை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அதில் விடை இல்லை.

ஒரு காலத்தில் 'டபுள் புரமோஷன்' என்ற பெயரில் அறியப்பட்ட முறையை ஆய்வுலகம் நிராகரிக்கவில்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை, உரிய மதிப்பீட்டுக்குப் பின் விரைவாக முன்னேற்றப்பட்ட மாணவர்கள் கல்வியில் பயனடைந்ததாகவும், அவர்களது சமூக வாழ்வுக்குப் பொதுவாகக் கேடு நேரவில்லை என்றும் தொகுத்துரைத்தது.

எனினும், தீவுகளில் வகுப்பு தாண்டுவதால் ஒரு இழப்பும் நேரலாம். கிராமப்புற மாணவர்களுக்கு இலவச உறைவிடக் கல்வி தரும் நவோதயா பள்ளிகளில், மாவட்டத்தின் குறைந்தது 75 சதவீத இடங்கள் கிராமப்புறத்தினருக்கு உரியவை. அந்த ஒதுக்கீட்டைக் கோருவோர் 3, 4, 5ஆம் வகுப்புகளில் தலா ஒரு முழுக் கல்வியாண்டு படித்திருக்க வேண்டும். 4ஆம் வகுப்பைத் தாண்டிய சிறுமி, தன் திறமையாலேயே அந்த வாய்ப்பை இழக்க நேரிடும்.

எனவே, பாட அளவிலான உயர்வே இங்கு பொருத்தமான வழி. 3ஆம் வகுப்பு மாணவி பதிவேட்டில் அதே வகுப்பில் நீடித்து, கணித வேளையில் மட்டும் 5ஆம் வகுப்பில் அமரலாம். இதற்குத் தனிக் கட்டடமோ புதிய பணியிடமோ தேவையில்லை. கால அட்டவணை ஒத்துப்போனால் போதும். தொடக்கப் பள்ளிப் பாடத்தை முடித்தவர்களுக்கு இணையவழி வகுப்புகள் உதவலாம். 2020 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட சென்னை-அந்தமான் கடலடிக் கேபிள், கார் நிகோபார், கிரேட் நிகோபார் உள்ளிட்ட தீவுகளை எட்டியுள்ளது.

திறனைக் கண்டறியும் மொழியும் முக்கியம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் சுமார் 15 சதவீதத்தினரின் தாய்மொழி தமிழ்; வங்காளம், தெலுங்கு, நிகோபாரி பேசுவோரும் உள்ளனர். மதிப்பீடு ஆங்கிலத்திலோ இந்தியிலோ மட்டும் நடந்தால், கணிதத் திறனுக்குப் பதிலாக மொழிப் பழக்கமே அளக்கப்படும். இதில் முதலில் விடுபடுபவர்கள், வீட்டில் கற்பிக்க ஆளில்லாத ஏழைக் குழந்தைகளே.