தொல்லை கொடுப்பவன் காதலனா?

எழுபதைத் தாண்டிய கிழவன் கொரிய சீரியல் பார்க்கிறான் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். கருவேப்பிலங்குறிச்சி வீட்டில் பேத்தி பார்க்கும்போது நானும் உட்கார்ந்துவிடுகிறேன்.

2009-இல் வந்த ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’, 25 எபிசோட். கூ ஜுன் பியோ பெரும் பணக்கார வீட்டுப் பையன். தன்னை எதிர்த்த சலவைக்கடைக்காரர் மகளுக்குச் சிவப்பு அட்டை கொடுத்து, பள்ளிக்கூடமே சேர்ந்து அவளை வதைக்க வைக்கிறான். கடைசியில் அவன்தான் காதலன்!

“கோபக்காரன், ஆனால் நல்ல பையன்” என்றேன். “விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் என்கிட்ட இப்படி நடந்துக்கிட்டாலும் இதையேதான் சொல்வீங்களா தாத்தா?” என்றாள் பேத்தி. எனக்குப் பதில் வரவில்லை.

கொரியாக்காரனை மட்டும் சொல்லி என்ன? பெண்ணைத் துரத்தித் துரத்தி மடக்கும் நாயகனுக்கு நம் டூரிங் டாக்கீஸில் விசிலடித்தவர்கள் நாம்தானே! சென்னையில் ஒரு கல்லூரி மாணவி ஈவ் டீசிங்கால் உயிரைவிட்ட பிறகு, 1998-இல் தமிழக அரசு அதற்கென்று தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

அதே கொரியாவின் ‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’ (2019) பாருங்கள். வழிதவறி வந்து விழுந்த தென்கொரியப் பெண்ணுக்கு வடகொரியக் கேப்டன் தன் கையால் நூடுல்ஸ் செய்து போடுகிறான். காப்பிக்கொட்டை வறுத்துக் காப்பி தருகிறான். பத்திரமாக ஊருக்கு அனுப்பப் பாடுபடுகிறான். இவன் ஆண்பிள்ளை!

சீரியல் பார்த்துப் பெண்பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று திண்ணையில் பேசும் நண்பர்களே, அவர்களை விடுங்கள். பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்து, “இது காதல் இல்லடா, அடாவடி” என்று சொல்லுங்கள். நான் ஆரம்பித்துவிட்டேன்.