ஒரே நாள், இரண்டு தீ

நாளுக்கு நன்மை தீமை உண்டா? உண்டு என்கிறது பஞ்சாங்கம். இராகு காலம் என்கிறது, எமகண்டம் என்கிறது, அட்டமி நவமி ஆகாது என்கிறது. இல்லை என்கிறோம் நாம். அத்துடன் நம் வேலை முடிந்ததென்று எண்ணிவிடுகிறோம். முடியவில்லை, தோழர்களே! பஞ்சாங்கத்தை வீசி எறிந்த கையால் நாட்காட்டியை எடுத்துக்கொண்டோமே, அதில் எந்த நாளுக்கு நேரே எதை எழுதுகிறோம், எதை எழுதாமல் விடுகிறோம் என்று எண்ணிப் பார்த்தோமா?

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் 25.

ஏசுநாதர் பிறந்த நாளென்று உலகம் கொண்டாடும் நாள். ஆனால் அவர் இன்ன மாதத்தில், இன்ன தேதியில் பிறந்தார் என்பதற்கு நற்செய்தி நூல்கள் நான்கிலும் ஒரு சொல்லும் இல்லை. ரோமாபுரியில் 4ஆம் நூற்றாண்டில் வழக்கத்துக்கு வந்த தேதி அது. ஈர்ப்பு விதி கண்ட ஐசக் நியூட்டன் 1642ஆம் ஆண்டு இதே தேதியில் பிறந்தார். அதுவும் இங்கிலாந்து அன்று வைத்திருந்த பழைய நாட்காட்டியின்படி! ஐரோப்பிய நாடுகள் பல ஏற்றிருந்த புதிய கணக்கில் அது 1643 சனவரி 4. குழந்தை ஒன்று, பிறப்பு ஒன்று, கடலுக்கு இப்பால் ஒரு தேதி, அப்பால் வேறொரு தேதி! தேதி என்பது மனிதன் போட்ட கோடு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

பிறந்த தேதியின் பலன் பேசுவோரைக் கேட்கிறோம்: மதன் மோகன் மாளவியா 1861இல் இந்தத் தேதியில் பிறந்தார்; முகமது அலி ஜின்னா 1876இல் இந்தத் தேதியில் பிறந்தார். முன்னவர் காசியில் இந்துப் பல்கலைக்கழகம் கண்டார். பின்னவர் பாகிஸ்தான் கண்டார். தேதியின் பலன் எங்கே போயிற்று?

வாஜ்பாய் பிறந்ததும் இந்நாள்தான், 1924இல். அதனை முன்னிட்டு 2014 முதல் நல்லாட்சி நாள் என்று நடுவணரசு கொண்டாடுகிறது. இராசாசி 1972இல் மறைந்ததும் இந்நாளே. செய்தித்தாள்கள் இவற்றை எழுதுகின்றன, வானொலி வாசிக்கிறது. செய்யட்டும். ஆனால் அந்தப் பட்டியலில் இடமின்றிப் போகிறவை எவை? இரண்டு தீ!

முதல் தீ மகாராட்டிரத்து மகாத் நகரில் எரிந்தது. 1927ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அந்த ஊர்ச் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார் அண்ணல் அம்பேத்கர். மாடு குடிக்கலாம், நாய் குடிக்கலாம், தீண்டாதவன் குடிக்கலாகாது என்றிருந்த குளம் அது! அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று மீண்டும் அங்கே மக்கள் திரண்டனர், மனுநூலைத் தீயிலிட்டனர். தீர்மானத்தை முன்மொழிந்தவர் சகஸ்ரபுத்தே என்னும் பார்ப்பனர். எரிந்தது ஏடு, ஓர் உயிருக்கும் ஊறில்லை.

இரண்டாம் தீ நம் மண்ணில் எரிந்தது. திருவாரூரிலிருந்து கிழக்கே நாகை செல்லும் வழியில் கீழ்வேளூர் வருகிறதல்லவா? அந்த வட்டாரத்துச் சிற்றூர்தான் கீழவெண்மணி. அன்று அது தஞ்சை மாவட்டம். உழுது, நட்டு, அறுத்துக் களம் சேர்த்த கைகள் கூலியாகக் கூடுதல் நெல் கேட்டன. கேட்டதும் குற்றம், சங்கம் வைத்ததும் குற்றம், செங்கொடியை இறக்க மறுத்ததும் குற்றம்! 1968 டிசம்பர் 25 இரவு, அடியாட்களுக்கு அஞ்சி ஒரே குடிசைக்குள் ஒடுங்கிய ஒடுக்கப்பட்ட மக்கள் 44 பேர் உயிரோடு கொளுத்தப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்! எந்த மாதம்? பக்தர்கள் விடியுமுன் எழுந்து பாடும் மார்கழி மாதம். புனித மாதம் அந்தக் குழந்தைகளுள் ஒன்றையேனும் காத்ததா?

அதே நாளில்தான் அப்பல்லோ 8 கலத்தில் சென்ற மூவர், நிலவைப் பத்து முறை வலம் வந்துவிட்டுப் பூமிக்குத் திரும்பப் புறப்பட்டனர். அறிவு நிலவைத் தொடப் போன நாளில், ஆணவம் வெண்மணியில் தீப்பந்தம் ஏந்தியது!

மகாத்துக்கும் வெண்மணிக்கும் இடையே 41 ஆண்டுகள். ஏடு எரிந்தது, அந்த ஏடு வளர்த்த எண்ணம் எரியவில்லை. அதுவே 44 உயிர்களை எரித்தது.

அடுத்து வந்தது நீதி. கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களைச் சென்னை உயர்நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. பெருநிலம் உடையோர், கார் வைத்திருப்போர், தாமே நடந்து வந்து தீ வைத்தார்கள் என்பது நம்பத்தக்கதன்று என்ற பொருள்படத் தீர்ப்பில் எழுதப்பட்டது! திருவாரூரிலே கல்தேரைக் காட்டுகிறோம். கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் ஊர் என்று மார் தட்டுகிறோம். கதையென்றே வைத்துக்கொள்வோம். கதையிலாவது ஒரு கன்றுக்கு நீதி கிடைத்தது! வெண்மணியின் 44 உயிர்களுக்குக் கிடைத்ததென்ன? அந்தச் சோழனுக்கு உயர்நீதிமன்ற வளாகத்திலும் சிலை உண்டு. அது வாய் திறக்கவில்லை.

இனி நம்மைப் பார்ப்போம். வெண்மணி எரிந்தபோது கோட்டையில் இருந்தது அண்ணாவின் ஆட்சி. இதைச் சொல்ல நாக்கூசுவானேன்? 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971இல் குடியிருப்பு மனையை அதில் வாழ்வோர்க்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. மறுக்கவில்லை. ஆயினும் சாம்பலுக்குப் பின்னரே சட்டம் வந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். நம் ஆட்சியில் நடந்ததை நாமே எழுதாவிட்டால், பிறர் மறைப்பதைக் கேட்க நமக்கு என்ன உரிமை?

டிசம்பர் 24, பெரியார் 1973இல் மறைந்த நாள். அன்று மாலை சூட்டுகிறோம், முழங்குகிறோம், வீடு திரும்புகிறோம். மறுநாள்? வெண்மணி நினைவிடத்தில் செங்கொடித் தோழர்கள் கூடுகிறார்கள். அது அவர்கள் நாள் என்று நாம் ஒதுங்கிக் கொள்கிறோம். சாதியும் பண்ணையும் கைகோத்துச் செய்த கொலைக்கு ஒரு கட்சிதான் கண்ணீர் விட வேண்டுமா?

“பழைய புண்ணைக் கிளறுவதேன்?” என்பார் உண்டு. ஆறிய புண்ணையன்றோ கிளறுதல் ஆகாது? ஊருக்கு வெளியே சேரி இன்னும் இருக்கிறது. சுடுகாட்டுக்குப் போகும் பாதையிலும் சாதி இன்னும் மறிக்கிறது. ஆறாத புண்ணை மூடி வைப்பதுதான் கேடு!

பள்ளியில் பணி செய்வோன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். அன்று அரையாண்டு விடுமுறை. கரும்பலகை வெறுமையாகக் கிடக்கும். எனவே விடுமுறைக்கு முந்தைய நாளிலேயே எழுதுங்கள். நியூட்டனை எழுதுங்கள், மாளவியாவையும் ஜின்னாவையும் எழுதுங்கள். அவற்றோடு “1927: மகாத்”, “1968: கீழவெண்மணி, 44 பேர்” என்றும் எழுதுங்கள். ஆசிரியர் எழுத மறந்தால் மாணவரே, எழுந்து நின்று கேளுங்கள். படிப்பகம் நடத்தும் இளைஞரே, 24ஆம் நாள் கூட்டத்தை 25ஆம் நாளுக்கும் நீட்டுங்கள். கீழ்வேளூர் வழியே வெண்மணிக்குப் போய் வாருங்கள். நாளுக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. நாளின் மீது எழுதும் எழுத்து மட்டும் நம்முடையது. அதை எழுதுவோம்!