முடத்தெங்கு யார்?

புத்தளத்திலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும் பெருவழியில், கற்பிட்டிக்குப் பாதை பிரியும் இடம் பாலாவிச் சந்தி. அங்கே அண்மையில் ஒருநாட் காலை, பெட்டியும் கையுமாய்ப் பேருந்துக்குக் காத்து நின்றான் ஓர் இளைஞன். மாலை வேளைகளில் என்னிடம் இலக்கணம் கேட்டவன், கூடைப்பந்தாட்டத்தில் வல்லவன். படித்த பாடசாலையில் விடுகைப் பத்திரம் பெற்றுக்கொண்டு தலைநகரப் பாடசாலையொன்றுக்குச் செல்கின்றான். ‘வளர்த்த இடத்தை மறந்தவன்’ என்று ஊரார் தீர்ப்பு வழங்கிவிட்டனர். அத்தீர்ப்புக்கு யானும் தலையசைத்தவனே.

“ஏன் போகின்றாய்?” என்றேன்.

“இரண்டு வருடம் வாங்கிலே இருந்தேன், சேர். ஏன் இருத்தி வைத்தார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் இருந்திருப்பேன்” என்றான்.

அச்சொல் என்னை உறுத்திற்று. கூடைப்பந்தில் ஒரு பக்கத்துக்கு ஐவரே ஆடுவர். ஏனையோர் வெளியே இருப்பர். ஆயினும் உதைபந்தாட்டத்திற் போல ஆளை மாற்றுவதற்கு இத்துணை முறைதான் என்னும் எல்லை இவ்வாட்டத்தில் இல்லை. பயிற்றுநர் விரும்பினால் எவரையும் எத்தனை முறையும் உள்ளே அழைக்கலாம். ஆதலின், ஒருவனை ஈராண்டு வெளியே இருத்துவது விதியின் செயலன்று. ஒரு மனிதரின் முடிவு. முடிவுக்குக் காரணம் இருக்கலாம். அது நல்ல காரணமாகவும் இருக்கலாம். அதனைக் கேட்டறியும் உரிமை அப்பிள்ளைக்கு உண்டா, இல்லையா என்பதே எனது வினா.

நன்னூற் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் ஆசிரியராகத் தகாதாரை உணர்த்தக் கூறிய உவமைகளுள் இரண்டு ஈண்டைக்கு வேண்டும். ஒன்று மடற்பனை. கருக்கு நிறைந்த மடல்கள் சூழ்ந்திருத்தலால் அதில் ஏறிப் பறித்தல் அரிது. தானாக விழுந்தாற் பொறுக்கிக்கொள்ளலாம். அணுகிக் கேட்க இடங்கொடாத ஆசிரியன் அத்தகையன். மற்றொன்று முடத்தெங்கு. தென்னந்தோட்டம் மிகுந்த புத்தளத்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. நீர் வார்த்தவன் ஒருவன். வளைந்த மரம் காயை உதிர்ப்பது அயலான் வளவில். உழைத்து வழிபட்டவனை விடுத்து வேறொருவனுக்குப் பயன் தரும் ஆசிரியன் அத்தகையன்.

ஒரு மாணவன் பாடசாலை மாறினால் நாம் யாது சொல்கின்றோம்? ‘நாம் நீர் வார்த்தோம், காய் கொழும்பில் விழுந்தது’ என்கின்றோம். மாணவனையே முடத்தெங்கு ஆக்கிவிடுகின்றோம். நன்னூலார் அப்பெயரைச் சூட்டியது மாணாக்கனுக்கன்று, ஆசிரியனுக்கு. நாள்தோறும் விடியலில் வந்து பயின்றவனை இருத்திவைத்து, செல்வாக்குடையார் வீட்டுப் பிள்ளையை ஆடவிடும் பயிற்றுநர் எவரேனும் உளராயின், வளைந்து நிற்கும் மரம் அவரே.

இஃது எமது நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கன்று. அமெரிக்கக் கல்லூரிகளில், கல்லூரி மாற விரும்பும் வீரர் பெயர் பதிவதற்கென 2018 ஒக்டோபரில் ஒரு பதிவேடு திறக்கப்பட்டது. முன்னர், கூடைப்பந்து வீரர் கல்லூரி மாறினால் ஓராண்டு ஆடாதிருத்தல் பொதுவிதி. 2021 இல் ஒருமுறை மாறுவார்க்கு அத்தடை நீங்கியது. 2024 இல், கல்வித் தகுதி உடையார் எத்தனை முறை மாறினும் தடையில்லை என்றாயிற்று. ஆடவர் கூடைப்பந்தின் முதற்பிரிவில் மட்டும் அண்மைய ஆண்டுகளில் ஆண்டுதோறும் ஆயிரவர்க்கு மேற்பட்டோர் பெயர் பதிகின்றனர். இளைஞர்க்கு விசுவாசம் இல்லை என்று அங்கும் சிலர் வருந்துகின்றனர். ஆனால் பயிற்றுநர் ஒருவர் கூடிய சம்பளத்துக்காக வேறு கல்லூரிக்குப் போனபோது, அவர் ஓராண்டு வாளாவிருக்க வேண்டும் என்று எவரும் விதித்ததில்லை. அவரை நம்பி வந்த பிள்ளைகளே பின்தங்கி நின்றனர்.

பழி முழுவதையும் பயிற்றுநர் தலையில் ஏற்றுதல் நடுவுநிலையாகாது. பணத்துக்காக மாறுவோரும் உளர். எமது பகுதியில், உயர்தர வகுப்பில் விரும்பிய பாடத்துக்கு ஆசிரியர் இன்மையாற் போவாரும், கூரையிட்ட ஆடுகளம் இன்மையாற் போவாரும் உளர். அது பயிற்றுநர் குற்றமன்று. மாறுதல்தானும் எப்போதும் தீதன்று. லசித் மாலிங்க காலி வித்தியாலோகக் கல்லூரியில் பயின்ற காலத்திற் சம்பக்க ராமநாயக்கவின் கண்ணிற்பட்டு, பின்னர் மகிந்தக் கல்லூரிக்கு மாறியவர். கையைத் தாழ்த்தி வீசும் அவருடைய முறையைத் திருத்த முயலாமல், அதையே வளரவிட்டமை அப்பயிற்றுநரின் பெருமை. முத்தையா முரளிதரனோ கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்து வீசியவர். பதினான்கு வயதளவில், சுழற்பந்து வீசிப் பார் என்று அவருக்குச் சொன்னவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. ஒருவர் மாறினார், ஒருவர் ஒரே கல்லூரியில் நின்றார். இருவரையும் கூர்ந்து நோக்கி, இவனுக்கு இது தகும் என்று தேர்ந்து சொல்ல ஒருவர் இருந்தார். பாலாவிச் சந்தியில் நின்ற பிள்ளைக்குக் கிடையாதது அதுவே.

ஆகவே பாடசாலைத் தலைவர்க்கும் பயிற்றுநர்க்கும் சில சொல்ல விழைகின்றேன். அணியைத் தெரிந்தபின், தெரியப்படாத ஒவ்வொருவனையும் தனியே அழைத்து, அவன் குறை யாது, அதைத் தீர்க்கும் வழி யாது என்று கூறுங்கள். ஒருவன் விடுகைப் பத்திரம் கேட்டால், ஒப்பமிடுமுன் அவனை இருத்தி, ஏன் என்று கேளுங்கள். தலைநகரப் பாடசாலைகளும், ஒரு பிள்ளையை ஏற்குமுன், அவன் ஆட்டம் முடிந்தபின் அவன் கல்விக்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் தரவேண்டும். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை.

இவ்வளவும் எழுதியபின் என்னையும் கேட்டுக்கொண்டேன். என் இலக்கண வகுப்பை இடையே விட்டகன்றவர் பலர். ‘தமிழ்ப்பற்று இல்லாதவர்’ என்று அவர்களை ஒதுக்கியிருக்கின்றேன். அவர்களுள் ஒருவனையேனும் அழைத்து ஏன் என்று கேட்டேனா? கேட்டதில்லை. நன்னூலைப் பல ஆண்டு பாடஞ் சொல்லியும், மடற்பனைக்குப் பொருள் உரைத்த யானே அவர்க்கு மடற்பனையாய் நின்றிருக்கின்றேன்.

பேருந்து வந்தது. “போனதும் கடிதம் எழுது” என்றேன். எழுதுவதாகச் சொல்லி ஏறினான். இவ்வாரம் வகுப்புக்கு வராத மூவர் வீட்டுக்கு யான் நடந்து போக எண்ணியிருக்கின்றேன்.