மலைமேல் ஒரு சேரி

தோழர்களே! அந்நிய மூலதனம் வந்தால் வட்டாரம் வளரும், வேலை பெருகும், சாதிகூட தானாக உதிர்ந்துவிடும் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். சரி, கொடைக்கானலுக்கு வாங்க. வளர்ச்சியைக் காட்டுறோம்.

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஓடிய தெர்மாமீட்டர் ஆலையை 1980களின் தொடக்கத்தில் இங்கே பெயர்த்துக் கொண்டுவந்தது பாண்ட்ஸ் கம்பெனி. பிறகு அது யூனிலீவர் கைக்குப் போய் இந்துஸ்தான் லீவர் ஆலை ஆனது. பாதரசமும் கண்ணாடியும் அங்கிருந்து வந்தன. செய்த தெர்மாமீட்டர் அங்கேயே கப்பலேறியது. இங்கே தங்கியது என்ன? கொஞ்சம் கூலி, நிறையக் கழிவு.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் காயலான் கடையில் கிடந்த 7.4 டன் பாதரசக் கண்ணாடிக் கழிவைச் சூழலியல் அமைப்புகள் வெளியே கொண்டுவந்தன. ஆலை மூடப்பட்டது. மக்கள் விடவில்லை, 2003இல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஆனால் மண்ணில் இறங்கியதை, தங்கள் உடம்பில் இறங்கியதாகத் தொழிலாளர் சொல்வதை, எந்தக் கப்பலில் ஏற்றுவது?

ஊருக்குச் சுத்தம், சேரிக்குக் கழிவு. இது நமக்குப் புதுசா? அதையே உலக அளவில் செய்தால் அதுக்குப் பேரு முதலீடு!

உடனே சுதேசிக்காரர் துண்டை உதறிக்கொண்டு வருவார், 'நாங்க அப்பவே சொன்னோம்' என்று. ஐயா, 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து 10 தொழிலாளிகள் செத்தார்களே, அது எந்த வெள்ளைக்காரன் தொட்டி? பண்ணையார் வயலைவிட ஆலைக் கூலி மேல் என்றுதான் நம்ம சனம் ஆலை வாசலுக்குப் போகுது. அதைக் கேலி பேச எவனுக்கும் யோக்கியதை இல்லை. பணம் எந்த நாட்டுது என்பதல்ல எங்கள் கேள்வி. அது யார் உடம்பைத் தின்று வளருது என்பதுதான்.

2006இல் முன்னாள் தொழிலாளர்கள் உயர்நீதிமன்றப் படியேறினார்கள். நோய்க்கும் ஆலைக்கும் சம்பந்தமில்லை என்றே சாதித்தது கம்பெனி. 2016 மார்ச்சில் 591 பேருக்காக ஒப்பந்தம் போட்டது. தொகை எவ்வளவு? ரகசியம். எதற்காக? இழப்பீடு இல்லையாம், மனிதாபிமானமாம்! தீபாவளிக்குப் பண்ணையார் வீசும் வேட்டிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? பத்து வருஷம் போராடி வாங்கியவன் தொழிலாளி. தர்மவான் பட்டம் கம்பெனிக்கு!

மாணவத் தோழர்களே, வளர்ச்சிப் புள்ளிவிவரத்தை உங்கள் கையில் திணிக்கும்போது மூணு கேள்வி கேளுங்க. கழிவு எங்கே போகுது? தொழிலாளியின் நோயை எந்தக் கணக்கில் எழுதினாங்க? ஆலையை மூடிவிட்டுப் போனா யார் பொறுப்பு? பதில் சொல்லாத வளர்ச்சி அவர்களின் வளர்ச்சி.

நமக்குத் தயவு வேண்டாம். கணக்குத் தீரட்டும்!