விராலும் பொய்த்தவளையும்

தூண்டில் போடுதல் வேலையற்றவன் வேலையென்பது நம்மவருட் பலர் கொள்கை. கல்லூரி மலரில் இதற்கும் இடமுண்டோ என வினவும் நண்பர்க்கு யான் சொல்லும் விடை இது. நான்கு சுவிசேஷங்களிலும் வலையைப்பற்றிப் பலவிடங்களிற் பேசப்படினும், தூண்டிலைப்பற்றிய பேச்சு மத்தேயு 17-ஆம் அதிகாரத்தில் ஒரேயோரிடத்திற்றான் வருகின்றது. ஆங்குப் பேதுருவைத் தூண்டில் போட அனுப்பினவர் இன்னாரென்பதை மாணாக்கர் அறிவர். அவன் முள்ளிற் கோத்த இரை யாதென்பதை மாத்திரம் சுவிசேஷகன் எழுதிவைக்கவில்லை. அங்ஙனம் விடுபட்டுப்போன விஷயத்தைப்பற்றியே, அதாவது இரையைத் தெரிந்தெடுத்தலைப்பற்றியே, ஈண்டுச் சில சொல்லப் புகுகின்றேன்.

இதை இப்பொழுது எழுதுதற்குக் காரணமுண்டு. பவானியின் உபரிநீரைக் காலிங்கராயன் அணைக்கட்டின் கீழிருந்து ஏற்றிக்கொணரும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கப்பெற்றது. ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர் ஜில்லாக்களில் 1045 குளங்குட்டைகளுக்கு நீர் தருவது அதன் நோக்கம். வேலிகாத்தான் மண்டிக்கிடந்த குட்டைகளிலும் நீர் நின்றால் மீனும் வரும். மீன் வந்தால் தூண்டிற்காரனும் வருவான். பனியன் கம்பெனிகளின் வார விடுமுறையன்று அவிநாசி, பெருமாநல்லூர்ப் பக்கங்களில் ஏரிக்கரை வழியே செல்வோர், சுருளுருளை பூட்டிய கோலும் கையுமாய் நிற்கும் வாலிபரைக் காணலாம். மண்புழுவும் மைதாமாவு உருண்டையும் வைத்திருந்த காலம் போய், இவர்கள் பெட்டியில் வண்ணவண்ணமான பொம்மை மீன்களும், இரப்பர்ப் புழுக்களும், தகட்டுக் கரண்டிகளும் நிறைந்திருக்கின்றன. அவற்றுட் பெரும்பாலான அமெரிக்காவிற் பாஸ் என்னும் மீனுக்கென வகுக்கப்பட்ட உருவங்களைப் பின்பற்றியவை.

அப்பொய்யிரைகளின் சரித்திரம் சுவையுடையது. பின்லாந்து தேசத்துச் செம்படவராகிய லௌரி ரபாலா என்பார் 1936-இல் தக்கையைச் செதுக்கிச் சாக்கலேட்டுத் தகடு சுற்றி ஒரு பொய்மீன் செய்தார். காயம்பட்டுக் கூட்டத்தினின்று விலகித் தள்ளாடும் குஞ்சையே பெருமீன் முதலிற் பாய்ந்து பிடிக்கின்றது என்பது அவர் கண்டது. ஆகையால் தமது பொய்மீனையும் தள்ளாட வைத்தார். 1949-இல் ஒஹையோ மாகாணத்து நிக் கிரீம் என்பார் மெழுகுபோல் வளையும் பிளாஸ்டிக்குப் புழுவை வார்த்தார். இவ்விருவர் புத்தியும் மெச்சத்தக்கதே. ஆயினும் அந்நாட்டு இரையைக் கண்டு அந்நாட்டு மீனையும் இங்கு விடலாகாதோ என்று ஆசைப்படுவோர்க்கு ஒரு வார்த்தை. 1925-இல் ஜப்பானியர் அந்தப் பாஸ் மீனைத் தம் ஏரியொன்றில் விட்டனர். அது பரவி உள்நாட்டு மீன்களைத் தின்று தீர்க்கவே, 2005-இற் சட்டத்தால் அதனைத் தடைசெய்ய நேர்ந்தது. 1952-இல் நம் தேசத்துக்கு வந்த திலாப்பியா, ஜிலேபிக் கெண்டையென்னும் பெயரோடு எக்குட்டையிலும் குடியேறியிருப்பதை நாமே பார்க்கின்றோம். விருந்தாளிகள் போதும்.

நிற்க. நம் குளங்களில் பாஸ் மீனின் ஸ்தானத்தை வகிப்பது விரால்; நூல்வழக்கில் வரால். தாமரையிலைக்கும் ஆகாயத்தாமரைக்கும் கீழே பதுங்கியிருந்து, தவளையோ சிறுமீனோ எட்டும் தூரத்தில் வந்தவுடன் நீர் வெடிப்பதுபோற் பாய்வது இதன் இயல்பு. செவுளால் மாத்திரம் இது உயிர்வாழ மாட்டாது; அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கியே ஆகவேண்டும். அப்போது எழும் குமிழியும் வளையமும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பத்து ரூபாய்ப் புழுவானாலும் ஆயிரம் ரூபாய்ப் பொம்மையானாலும், இவ்வடையாளத்தைப் பாராமல் எறிபவன் வெறுங்கையோடுதான் திரும்புவான்.

இரை யாதெனின், உள்ளே வெற்றிடமுள்ள இரப்பர்த் தவளையே என்பது என் துணிபு. இதன் முட்கள் முதுகோடு ஒட்டி மேனோக்கி நிற்றலால் கொடியிலும் இலையிலும் சிக்குவதில்லை. மீன் கவ்வி உடலை நசுக்கும்போதே அவை வெளிப்படும். இலைமேல் எறிந்து, சிறிது நிறுத்தி, விளிம்பிலிருந்து நழுவ விடுதல் வேண்டும். மீன் பாய்ந்தவுடன் கோலை வெட்டியிழுப்பது புதியவர் யாவரும் செய்யும் தவறு. ஒரு மூச்சளவு பொறுத்தாலன்றித் தவளை வாய்க்குள் நன்றாகச் செல்லாது. மும்முனை முட்கள் தொங்கும் பொம்மை மீன்கள் கொடியில்லாத ஆழ்மடைகளுக்கே ஏற்றவை. கலங்கல் நீரிற் சுழலும் தகடு நன்று. மீன் அதன் அதிர்வை விலாப்புறத்து உணர்ச்சிக் கோட்டால் அறியும்.

நிறத்தைப்பற்றி நம் ஊரார்க்குச் சொல்லுதல் கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். எனினும் சாயப்பட்டறை ஷேடு கார்டில் நூறு பச்சையைப் பிரித்தறியும் மாணவன், தவளைக்கும் அங்ஙனமே பச்சை தேடுவதைக் கண்டு நகைத்திருக்கின்றேன். விரால் கீழிருந்து மேனோக்கிப் பார்க்கின்றது. அதற்குத் தெரிவது வானத்தின் ஒளிக்கெதிரே ஒரு கரிய நிழலும், ஒரு வெளுத்த வயிறும் மாத்திரமே. முதுகிலே தீட்டிய புள்ளியும் கோடும் கடைக்கு வருபவன் பார்க்கத் தீட்டியவை. கலங்கல் நீருக்குக் கறுப்பு, தெளிந்த நீருக்கு மங்கிய நிறம். இவ்விரண்டுக்குமேல் யான் காசு செலவிட்டதில்லை. கெளுத்திக்கும் கெண்டைக்கும் பனியன் வேஸ்டு நூலை முள்ளிற் சுற்றிப் பார்த்ததுண்டு. கெண்டைகள் இரக்கத்தோடு முகர்ந்துபார்த்து அகன்றன.

இரையைத் தெரிந்தெடுக்குமுன் நீரைத் தெரிந்தெடுத்தல் வேண்டுமென்பதையும் நம் ஊரிற் சொல்லாதிருத்தல் கூடாது. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-இற் கட்டிய அணை, பாசனத்துக்கு உதவாமற் சாயக்கழிவுக்குத் தொட்டியானதும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடக் கட்டளையிட்டதும் யாவரும் அறிந்தவை. அதன்பின் கழிவை வெளியேவிடாது சுத்திகரிக்கும் முறை வற்புறுத்தப்பட்டது. ஆயினும் நிறம் மாறியோடும் நீரில் மீன்பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோதல் புத்தியன்று.

உயிருள்ள தவளையின் தொடையில் முள்ளேற்றி மிதக்கவிடும் பழைய வழக்கத்தை யான் வெறுக்கின்றேன். தவளை கொசுவையும் பயிர்ப்பூச்சியையும் தின்று உழவனுக்கு ஊழியஞ் செய்வது. தவளைக்கால் ஏற்றுமதியை 1987-இல் அரசாங்கமே நிறுத்திவிட்டது. இரப்பர்த் தவளை கிடைக்கும்போது உயிர்த்தவளையைத் துடிக்கவிடுதல் எதற்கு?

இனி யான் இக்கட்டுரை எழுதுதற்கு முக்கிய காரணமாயிருந்த விஷயத்துக்கு வருகின்றேன். மழைக்காலத்தில் விரால் இனம் பெருக்கும். பொரித்த குஞ்சுகள் செந்நிறமாய், நூற்றுக்கணக்கில் ஒரு பந்துபோலத் திரண்டு, மூச்செடுக்க ஒருமிக்க மேலெழும்போது நீரில் மழைத்துளி விழுவதுபோற் சலசலக்கும். தாயும் தந்தையும் கீழே காவல் நிற்கும். அந்நாட்களில் அவை பசிக்காகப் பாய்வதில்லை. தம் பார்ப்பை அணுகுவது எதுவாயினும் அதனைத் தாக்கும். இதையறிந்த தூண்டிற்காரர், பார்ப்புக் கூட்டத்தின் நடுவே தவளையை எறிகின்றனர். மூன்றாம் எறிதலுக்குள் பெருவிரால் அகப்படும். இதனினும் எளிதான மீன்பிடிப்பு உலகில் இல்லை.

யானும் செய்திருக்கின்றேன். அவிநாசிக்கு வடக்கே ஒரு குளத்தில், ஐப்பசியில், முழங்கையளவு நீளமான விரால் ஒன்றைக் கால்மணி நேரத்திற் பிடித்து, கரையிலிருந்தோர் புகழ வீட்டுக்குக் கொண்டுபோனேன். மறுநாள் காலை அதே இடத்திற்குச் சென்றேன், இன்னொன்று கிடைக்குமென்னும் ஆசையால். செந்நிறப் பந்து சிதறிச் சிறுசிறு கூட்டங்களாய் ஓரத்தில் அலைந்துகொண்டிருந்தது. கொக்குகள் மூன்று வரிசையாய் நின்று அவற்றைப் பொறுக்கின. ஜிலேபிகள் கீழிருந்து பறித்தன. மாலையில் நீர் அசைவற்றிருந்தது. ஒரு வேளைக் குழம்புக்கு ஒரு குளத்தின் அவ்வாண்டு விராலை யான் விலையாகக் கொடுத்தேன் என்பது அப்போதுதான் விளங்கிற்று. குருவிக்கூட்டைக் காண்பவன் குஞ்சுகளோடு தாயைப் பிடிக்கலாகாது என்னும் கட்டளை உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் இருப்பதை ஞாயிறு பள்ளியிற் படித்தவன்தான் யான்.

இதற்கு என் நண்பரொருவர் சொல்லும் ஆட்சேபம் உண்டு. குளத்தை ஏலமெடுத்தவன் வலைபோட்டு எல்லாவற்றையும் வாருகின்றானே, தூண்டிற்காரன் ஒருவன் விடுவதனால் என்ன ஆகுமென்பது. ஏலக்காரன் தொகை கட்டினவன், பிழைப்புக்குப் பிடிக்கின்றான். நாமோ பொழுதுபோக்குக்காகச் செல்கின்றோம். நமக்கு இன்னின்ன முறையிற் பிடிப்பதில்லையென்னும் வரம்பு இல்லாவிடில் அது விளையாட்டாகாது. நம் மாகாணத்திற் சிவில் உத்தியோகஸ்தராயிருந்து 1873-இல் இந்தியத் தூண்டிற்கலையைப்பற்றிப் பெரும் புத்தகம் எழுதிய ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பாரே, அதற்கு மூன்றாண்டு முன்னர்த் தென் கன்னட ஜில்லாவில் மீன்வளர்ப்பைக் குறித்து அறிக்கை எழுதினவரும் ஆவர். பிடிக்கும் ஆசையும் பெருக்கும் கவலையும் ஒருவரிடத்தே இருத்தல் கூடும்.

மற்றவை சிறியன. முள்ளின் நுனிக்கருகிலுள்ள எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால், விடவேண்டிய மீனைக் காயமின்றி விடலாம். அறுந்த நைலான் நரம்பைக் கரையில் எறியற்க. 2024-இல் ராம்சார்ப் பட்டியலிற் சேர்ந்த நஞ்சராயன் குளத்துப் பறவைகள் அங்கு மாத்திரம் இரைதேடுவதில்லை, நம் குட்டைகளுக்கும் வருகின்றன. நஞ்சராயன் குளம் சரணாலயமாதலின் ஆங்குத் தூண்டிலை நினைக்கவும் வேண்டா. அமராவதி அணைக்குச் செல்பவர் நீரிற் காலைத் தொங்கவிடாதிருப்பாராக. அங்கே முதலைகள் உண்டு.

என்னிடம் கறுப்பில் இரண்டும் மங்கிய பச்சையில் ஒன்றுமாக மூன்று தவளைகள் இருக்கின்றன. வேண்டும் மாணாக்கர் தை பிறந்தபின் என் அறைக்கு வந்து இரவல் பெற்றுக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையிற் கேட்பவர்க்குத் தருவதில்லை.