வராதவர் சொன்ன சேதி

சென்ற ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், உடுப்பிட்டியில் எங்கள் அயலிலுள்ள மைதானத்தில் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி ஒன்று நடைபெறவிருந்தது. வேலியோரம் எங்கும் சனக்கூட்டம். ஒலிபெருக்கி ஓயாது முழங்கிக்கொண்டிருந்தது. பிரதம விருந்தினர் மாலையணிந்து பந்தலில் அமர்ந்துவிட்டார். ஒரு கழகத்தின் பிள்ளைகள் மைதானத்தில் வந்து நின்றனர். மற்றக் கழகத்தினரைக் காணவில்லை. பத்து நிமிடம் சென்றது. இருபது நிமிடம் சென்றது. அரைமணி நேரமும் சென்றது. ஈற்றில் மத்தியஸ்தர் விதிப்படி விசிலை ஊதினார். நின்ற பதினொருவரும் பந்தை உருட்டிச் சென்று காவலரில்லாத கோலுக்குள் தள்ளினர். கைதட்டியவர் எவருமில்லை. ஒலிபெருக்கி மட்டும் அதனை மகத்தான வெற்றி என்று அறிவித்தது.

வீடு திரும்பும் வழியில் என் மாணவன் ஒருவன் சைக்கிளை உருட்டியபடி என்னோடு நடந்து வந்தான். சற்று நேரம் பேசாதிருந்தவன், "சேர், ஆளில்லாத கோலுக்குள்ளை பந்தை அடிச்சிட்டு அதை வெற்றியெண்டு சொல்லலாமோ?" என்று கேட்டான். பின்னர் குரலைத் தாழ்த்தி, "வராமல் விட்டவங்களுக்குத்தான் என்ன கிடைச்சது?" என்றான்.

இரண்டும் நல்ல கேள்விகள். அவற்றுக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. ஆனால், இதே கேள்விகளை ஆசியாக் கண்டம் முழுவதும் ஒருமுறை கேட்டதுண்டு என்பது நினைவுக்கு வந்தது. அந்தக் கதையை இவ்வாரம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

1964ஆம் ஆண்டு ஆசியக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டி இஸ்ரேல் நாட்டில் நடைபெற்றது. 1948இல் இஸ்ரேல் தோன்றியபோது இலட்சக்கணக்கான பாலஸ்தீனர் வீடும் நிலமும் இழந்து அகதிகளாயினர். அந்தப் புண் ஆறாதிருந்த காலம் அது. ஆகவே அரபு நாடுகளும் அவற்றின் பக்கம் நின்ற பிற நாடுகளும் அப்போட்டியில் கலந்துகொள்ள மறுத்தன. இறுதிச் சுற்றில் எஞ்சியவை நான்கே நான்கு அணிகள்: இஸ்ரேல், இந்தியா, தென்கொரியா, ஹொங்கொங். இந்தியாவோ தன் பிரிவிலிருந்த எல்லோரும் விலகிக்கொண்டமையால், தகுதிப் போட்டி ஒன்றுகூட ஆடாமலே அந்த நால்வருள் ஒருவராயிற்று.

மே மாதம் 26ஆந் திகதி தொடக்கம் யூன் 3ஆந் திகதி வரை ஆட்டங்கள் நடந்தன. சுனி கோஸ்வாமி தலைமையில் சென்ற இந்திய அணி தென்கொரியாவை 2–0 என வென்றது. இஸ்ரேலிடம் 0–2 எனத் தோற்றது. ஹொங்கொங்கை 3–1 என வென்றது. மூன்று ஆட்டங்களிலும் வென்ற இஸ்ரேல் கிண்ணத்தைப் பெற்றது. இந்தியாவுக்கு இரண்டாமிடம் கிடைத்தது. ஆசியக் கிண்ணத்தில் இந்தியா இன்றுவரை அடைந்த மிக உயர்ந்த இடம் அதுவே. தென்கொரியாவை இந்தியா வென்ற மே 27ஆந் திகதிதான் ஜவகர்லால் நேரு டில்லியில் காலமானார். விளையாட்டுப் பக்கத்து மகிழ்ச்சிச் செய்தியை முதற்பக்கத்துத் துயரச் செய்தி முழுவதுமாக மூடிவிட்டது.

அந்த இரண்டாமிடம் மெய்யான பெருமையா, அன்றி எதிரிகள் வராமையால் வாய்த்த அதிர்ஷ்டமா? இக்கேள்விக்கு விடை காண இரண்டு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

1962இல் ஆசிய விளையாட்டு விழா ஜகார்த்தாவில் நடந்தது. இஸ்ரேலியருக்கும் தாய்வான் நாட்டவருக்கும் இந்தோனேசிய அரசாங்கம் நுழைவு அனுமதி வழங்கவில்லை. இரு நாடுகளை வெளியே நிறுத்திவிட்டு நடத்தும் விழாவை ஆசிய விளையாட்டு விழா என்று அழைத்தல் தகாது என வாதாடியவர் இந்தியாவின் ஜி. டி. சோந்தி. விளைவு யாதெனின், ஆத்திரமுற்ற கூட்டம் ஒன்று ஜகார்த்தாவிலிருந்த இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது. அதற்கு மறுநாள், செப்டெம்பர் 4ஆந் திகதி, உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. மைதானம் நிறைந்த சனக்கூட்டம் இந்தியாவை நோக்கிக் கூச்சலிட்டது. இந்திய தேசிய கீதத்தையும் அந்தக் கூச்சலில் அமிழ்த்தியது. அந்தப் பேரிரைச்சலுக்கு மத்தியில், தலையில் தையலிட்ட காயத்தோடு விளையாடிய ஜர்னையில் சிங் ஒரு கோலும், பி. கே. பானர்ஜி ஒரு கோலும் அடித்தனர். முன்னர் சென்னை ரெஜிமென்ற் அணிக்கு விளையாடிப் பெயர்பெற்ற பீற்றர் தங்கராஜ் கோலைக் காத்தார். தென்கொரியாவை 2–1 என வென்று தங்கப் பதக்கம் பெற்றது இந்தியா. இவர்களைப் பயிற்றிய சையத் அப்துல் ரகீம் அப்பொழுதே புற்றுநோயால் நலிந்திருந்தார். மறு ஆண்டிலே மறைந்தார்.

ஆகவே, 1964இல் இரண்டாமிடம் பெற்ற இந்தியா வெறும் அதிர்ஷ்டத்தால் மேலேறிய அணியன்று. ஆயினும், வந்திருக்க வேண்டியவர் எல்லோரும் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை எவராலும் கூற இயலாது. வராதவர் செய்த தீங்கு இதுவே. அவர்கள் வென்றவரின் கிண்ணத்தைப் பறிக்கவில்லை; அந்தக் கிண்ணத்தின் மேல் ஓர் ஐயத்தை மட்டும் ஒட்டிவிட்டுச் சென்றனர். வந்து ஆடியவர் மேல் பழி ஏதும் இல்லை. எனினும் அவர்களுடைய மகிழ்ச்சியில் ஒரு குறை இருந்தே தீரும். என் மாணவனின் முதலாவது கேள்விக்கு இதுவே என் விடை.

இனி இரண்டாவது கேள்வி. வராமல் விட்டவருக்குக் கிடைத்தது என்ன?

இங்கே சொல்லைச் சற்று ஆராய்தல் நலம். ஆங்கிலத்தில் 'பொய்கொட்' என வழங்குவது ஒரு மனிதரின் பெயர். 1880இல் அயர்லாந்திலே சார்ள்ஸ் பொய்கொட் என்னும் நில மேற்பார்வையாளரோடு ஊரவர் எவரும் பேசவில்லை, அவருக்கு வேலை செய்யவில்லை, பொருள் விற்கவுமில்லை. நாம் அதற்கு வடமொழியிலிருந்து பகிஷ்காரம் என்னும் சொல்லை எடுத்துக்கொண்டோம். வெளியே தள்ளுதல் என்பது அதன் நேர்ப்பொருள். அயர்லாந்தில் நடந்தது உண்மையில் அதுவே; ஊர் ஒன்றுகூடி ஒருவரை வெளியே தள்ளியது. ஆனால் விளையாட்டிலே நடப்பது இதற்கு நேர்மாறு. பகிஷ்கரிப்பவர் தாமே வெளியே நிற்கின்றார். எவரைத் தள்ள எண்ணினாரோ அவர் உள்ளே நின்று கிண்ணத்தைத் தூக்குகின்றார். 1964இல் நிகழ்ந்ததும் இதுவன்றோ?

அதற்கு முன்னரும் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. 1958ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்கான தகுதிச் சுற்றில் இஸ்ரேலோடு மோத வேண்டியவர் ஒருவர்பின் ஒருவராக விலகிக்கொண்டனர். ஒரு போட்டிகூட ஆடாத அணியை உலகக் கிண்ணத்துக்கு அனுப்ப முடியாது என்று கருதிய சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம், ஏற்கெனவே தோற்று வெளியேறியிருந்த வேல்ஸ் அணியைச் சீட்டுக் குலுக்கித் தெரிந்து இஸ்ரேலோடு ஆடவிட்டது. வேல்ஸ் இரு ஆட்டங்களையும் 2–0 என வென்று உலகக் கிண்ணத்துக்குச் சென்றது. அங்கே காலிறுதி வரையும் முன்னேறியது. மேற்காசியாவில் எழுந்த சினத்தின் பயன் ஐரோப்பாவின் ஒரு மூலையிலிருந்த சிறு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்படியாயின் பகிஷ்காரம் எப்பொழுதும் வீணா? அன்று. ஆபிரிக்கா இதற்குச் சான்று. 1966ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் இருந்த இடங்கள் 16. அவற்றுள் ஆபிரிக்காவுக்கென்று ஓர் இடமேனும் ஒதுக்கப்படவில்லை. ஆபிரிக்காவில் வென்ற அணி ஆசியாவில் வென்ற அணியோடு மீண்டும் மோதி, அதிலும் வென்றால்தான் இங்கிலாந்துக்குச் செல்லலாம் என்பது ஏற்பாடு. கானா நாட்டு அதிபர் குவாமே நிக்குரூமாவும் அந்நாட்டு விளையாட்டுத்துறைத் தலைவர் ஓகேனே ஜானும் இதனை எதிர்த்துக் குரலெழுப்பினர். ஆபிரிக்க நாடுகள் ஒன்றுபட்டு விலகிக்கொண்டன. கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 1963இலும் 1965இலும் ஆபிரிக்கக் கிண்ணத்தை வென்றது அதே கானாவே. உலகக் கிண்ணத்துக்குச் செல்ல எவருக்கு அதிக வாய்ப்பிருந்ததோ அவரே முதலில் விலகினார். இழக்க ஒன்றுமில்லாதவன் விலகுவதற்கும் எல்லாம் உள்ளவன் விலகுவதற்கும் பெரும் வேறுபாடு உண்டு.

அவ்வாண்டு உலகக் கிண்ணத்தில் அதிக கோல் அடித்தவர் போர்த்துக்கலுக்கு விளையாடிய யூசேபியோ. அவர் அடித்த கோல்கள் 9. அவர் பிறந்த மண்ணோ ஆபிரிக்காவின் மொசாம்பிக்! ஆபிரிக்க அணி ஒன்றேனும் இல்லாத போட்டியில் ஆபிரிக்க மண்ணின் மைந்தனே முதல்வனானான். அடுத்த முறை, 1970இல், ஆபிரிக்காவுக்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. மொரோக்கோ மெக்சிக்கோவுக்குச் சென்றது.

இவ்விரு பகிஷ்காரங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆபிரிக்கர் கேட்டது இன்னது என்பது ஒரே வரியில் அடங்கியது: எங்களுக்கு ஓர் இடம் தாருங்கள். அதனைத் தரக்கூடியவர் எதிரே இருந்தனர். அது கிடைத்தவுடன் திரும்பி வரவும் அவர்கள் ஆயத்தமாயிருந்தனர். 1964இல் விலகிய நாடுகளின் துயரம் இதனினும் சிறிதன்று, பெரிது. ஆனால் அதனைத் தீர்க்கும் வல்லமை ஓர் உதைபந்தாட்டச் சங்கத்திடம் இருக்கவில்லை. பத்தாண்டுகளின் பின், 1974இல், ஆசியச் சம்மேளனம் வாக்கெடுப்பு நடத்தி இஸ்ரேலை வெளியேற்றியது. அந்நாடு பல ஆண்டுகள் அலைந்து 1994இல் ஐரோப்பியச் சம்மேளனத்தின் முழு உறுப்பினராயிற்று. பாலஸ்தீனம் 1998இல் சர்வதேசச் சம்மேளனத்தில் இடம்பெற்று, 2015இல் முதன்முறையாக ஆசியக் கிண்ணத்தில் ஆடியது. இழந்த வீடுகளை எந்தக் கிண்ணமும் மீட்டுத் தரவில்லை. எனினும், வெற்றிடமாக இருந்த காலத்தைவிட, தன் கொடியோடு மைதானத்தில் வந்து நின்ற அன்றுதான் அந்த மக்களை உலகம் அதிகம் கண்டது என்பது என் எண்ணம்.

இது பிறர் கதை என்று நாம் விட்டுவிடுவதற்கில்லை. நம் பாட்டன்மார் காலத்திலே யாழ்ப்பாணமும் ஒரு பகிஷ்காரம் நடத்தியது. பூரண சுயராச்சியம் தராத டொனமூர் அரசியற்றிட்டம் வேண்டாம் என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அறைகூவ, 1931ஆம் ஆண்டுத் தேர்தலில் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளுக்கும் வேட்பாளர் எவரும் முன்வரவில்லை. எங்கள் வடமராட்சியின் ஆசனமும் அவற்றுள் ஒன்று. நோக்கம் உயர்ந்தது, அதனை நடத்தியவர் கண்ணியமானவர். ஆனால் தென்னிலங்கை பின்தொடரவில்லை. சபை கூடியது, கருமங்கள் நடந்தன, நமது ஆசனங்கள் மட்டும் வெறுமையாக இருந்தன. 1934இலேதான் அவை இடைத்தேர்தலால் நிரப்பப்பட்டன. வெற்றாசனம் சொல்லும் சேதியைக் கேட்பதற்கு எதிரே காது வேண்டும். காதில்லாத சபையில் அது வெறும் மரப்பலகையே.

இவ்வளவும் எழுதியபின் ஓர் உண்மையை மறைத்தல் நேர்மையன்று. ஆனி மாதத்து அந்தப் போட்டியை நடத்திய குழுவில் நானும் ஒருவன். வராமல் விட்ட கழகத்துப் பிள்ளைகள் சனிக்கிழமை மாலை இருள்மட்டும் அரையிறுதி ஆடியவர்கள். எதிரணிக்கோ மூன்று நாள் ஓய்வு கிடைத்திருந்தது. "ஐயா, ஒரு கிழமை தள்ளி வையுங்கோ" என்று அவர்களின் தலைவன் எங்களிடம் வந்து கேட்டான். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, பிரதம விருந்தினருக்குச் சொல்லியாகிவிட்டது என்று நாங்கள் கையை விரித்தோம். நானும் வாய் திறக்கவில்லை. வெறுங்கோலைக் கண்டு வருந்திய கூட்டத்தில், அதனை வெறுமையாக்கியவருள் ஒருவனாகவே நான் நின்றேன். பகிஷ்காரத்தைப் பிழையென்று சொல்லும் பெரியவர்கள், அது தொடங்கிய நாளன்று தாங்கள் எங்கிருந்தோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அடுத்த புதன்கிழமை வாசிகசாலைத் திண்ணையில் குழு கூடியபோது, அந்தப் பிள்ளையை அழைத்து, சொல்ல வேண்டியதை எழுதித் தரும்படி கேட்டேன். கொப்பித் தாளில் மூன்று வரிகள் எழுதினான். கிண்ணம் தங்களுக்கு வேண்டாம். அரையிறுதிக்கும் இறுதிக்கும் இடையில் இரண்டு நாள் ஓய்வு இனி எல்லோருக்கும் வேண்டும் என்பதே அதன் சாரம். அன்றே அதனை விதிகளுள் ஒன்றாகச் சேர்த்தோம்.

ஆடி மாதத்தில் இரு கழகங்களும் கிண்ணமின்றி, பந்தலின்றி, பிரதம விருந்தினருமின்றி ஒரு மாலை ஆடின. அன்று வராதிருந்தவர்கள் இம்முறை வந்து 1–3 எனத் தோற்றனர். வேலியோரம் நின்றவர்கள் இரு பக்கத்தாருக்கும் கைதட்டினர். கேள்வி கேட்ட மாணவனும் அங்கே நின்றான். அன்று அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.