தூள் மட்டுமா கொன்றது?



சென்ற மாதம் நம் மேற்பிரிவில் இருபத்துமூன்று வயதுப் பிள்ளை ஒருவனைப் புதைத்தோம். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். துக்க வீட்டில் காதில் விழுந்தது ஒரே பேச்சுத்தான்: "தானா தேடிக்கிட்ட சாவு." மரண விசாரணை முடிந்தது. சான்றிதழில் ஒரு வரி எழுதினார்கள். நாமும் மலைக்குக் கொழுந்தெடுக்கத் திரும்பிவிட்டோம்.

உடம்பு எப்படி அடங்கியது என்பதை அந்த வரி சொல்கிறது. பிள்ளை ஏன் செத்தான் என்பதைச் சொல்லவில்லை. அதை விசாரிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

சாகும்போது அவன் தனியாக இருக்கவில்லை. இரண்டு கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தார்கள். ஹெரோயின் தூளோடு கசிப்பும் குடித்திருந்தான். இரண்டுமே மூச்சை அடக்குபவை. ஒன்று சேர்ந்தால் ஆபத்துப் பல மடங்கு. குறட்டை விட்டான். தூங்குகிறான் என்று நினைத்தார்கள். உதடு நீலம் பாய்ந்தபோது அவர்கள் கையில் போன் இருந்தது. ஆனால் 1990 அம்புலன்சுக்கு அழைக்கவில்லை. "பொலிஸ் வந்தா எங்களையும் தூக்கிருவாங்க சேர்" என்று பிறகு ஒருவன் என்னிடம் அழுதான். பாதியைத் தூள் கொன்றது. மீதியைப் பயம் கொன்றது.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? 1984இல் 2 கிராம் ஹெரோயினுக்கு மரண தண்டனை என்று சட்டம் செய்தார்கள். 2022இல் 5 கிராம் ஐசுக்கும் அதையே விதித்தார்கள். 1976க்குப் பிறகு இந்த நாட்டில் ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை என்பது பெரிய வியாபாரிக்கு நன்றாகத் தெரியும். அவன் பயப்படவில்லை. நாற்பது வருடமாகக் கயிற்றைக் காட்டியும் தூள் லயத்து வாசலுக்கே வந்துவிட்டது. பயந்தது, சாகிறவன் பக்கத்தில் நின்ற கூட்டாளி மட்டும்தான்.

இன்னொன்றையும் கேளுங்கள். மூன்று மாதம் விளக்கமறியலில் இருந்துவிட்டு, பத்து நாளைக்கு முன்தான் அவன் வீடு வந்தான். தூள் இல்லாமல் இருந்த உடம்பு அதைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். முன்பு எடுத்த அதே அளவு இப்போது உயிரைக் குடிக்கும். வைத்தியர்களுக்குத் தெரிந்த இந்த உண்மையைச் சிறை வாசலில் அவனுக்கு யார் சொன்னார்கள்? அவன் தாய்க்கு யார் சொன்னார்கள்? பிடிக்க ஜீப் வந்தது. பிடித்தவனைக் குணமாக்க யாரும் வரவில்லை.

"கஷ்டப்படுகிற எல்லாரும் தூள் எடுக்கிறார்களா?" என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் சாதாரண தரத்தோடு படிப்பை விட்டு, கொழும்பில் கடைக்குப் போய், 2022 நெருக்கடியில் கடை மூடித் திரும்பி வந்த பிள்ளைக்கு இங்கே என்ன வைத்திருந்தோம்? ஆறு பேர் படுக்கும் ஒரு காம்பிராவும், பாலத்தடியில் பொட்டலத்தோடு நின்றவனும்தானே இருந்தன!

நம் முதுகையும் பார்ப்போம். தேர்தல் வந்தால் லயத்துக்குப் போத்தல் இறக்கியவர்கள் யார்? வாங்கிக் குடித்துவிட்டு வாக்குப் போட்டவர்கள் யார்? அன்று சங்கமும் வாய் திறக்கவில்லை. இதை எழுதும் நானும் திறக்கவில்லை.

இனி இப்படி ஒரு சாவு நடந்தால் மரண விசாரணைக்குச் சங்கத்தின் ஆள் போக வேண்டும். குடும்பம் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. என்ன எடுத்தான், யாரிடம் வாங்கினான், எத்தனை நேரம் உதவியில்லாமல் கிடந்தான் என்பதெல்லாம் பதிவாக வேண்டும்.

அரசிடம் நாம் கேட்பது இரண்டு. தோட்டப் பகுதி வைத்தியசாலைகளில் தமிழில் பேசும் போதை சிகிச்சைப் பிரிவு வேண்டும். உயிரைக் காப்பாற்ற அழைப்பவனைக் கைது செய்யாத சட்டம் வேண்டும். கனடா 2017இல் அப்படியொரு சட்டம் செய்தது. இங்கே ஏன் முடியாது?

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். போதையில் கிடப்பவன் எழுப்பியும் எழும்பாவிட்டால், மூச்சு இழுத்து இழுத்து வந்தால், அது தூக்கமல்ல. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 1990க்கு அழையுங்கள். என்ன எடுத்தான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தைவிட்டு நகராதீர்கள். பொலிஸ் கேள்வி கேட்டால் சங்கத்தைக் கூப்பிடுங்கள், நடுச்சாமமானாலும் வருவோம்.

"தேடிக்கிட்ட சாவு" என்ற பேச்சை அந்தக் குழியோடு புதைப்போம். அடுத்த பிள்ளையையாவது புதைக்காமல் இருப்போம்.